டோரத்தி வீட்டு ஹீட்டரும் நாயுடுபுரத்து வெற்றிக் குழுவும்

நம் ஊரில் தேர்தல் வந்தால் கட்சிக்காரர் ஓட்டுப் போடுகிறவர் வீட்டுக்குக் கவர் கொண்டுவருவார். அமெரிக்காவில் ஓட்டுப் போடுகிறவர்தான் கட்சிக்காரருக்குக் கவர் அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டபோது செல்லப்பாண்டி நம்பவில்லை. செல்லப்பாண்டிக்கு மேல்மலையில் பூண்டுத் தோட்டம்; கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வாடகைக்கு விட ஒரு மாடி வீடு. மூன்று தேர்தல்களில் தன் கிராமத்துக்குக் கவர் பிரித்துக் கொடுத்த அனுபவமும் உண்டு.

"துட்டயும் குடுத்து ஓட்டயும் போடுறாங்களாக்கும்? கேக்குறவன் கேனயனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பீங்க. இதுல என்னமோ கள்ளம் கெடக்கு தம்பி" என்றார், வீடு கேட்டு வந்த ஜேசனிடம்.

ஜேசன் ஒரு வருட வாடகையை மொத்தமாக எடுத்து நீட்டினார். செல்லப்பாண்டிக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. சாவியைக் கொடுத்தார்.

ஜேசன் இந்த ஊர்க்காரர்தான். அமெரிக்காவில் படித்து, அங்கே ஒரு தேர்தல் ஆலோசகரிடம் சில வருடம் வேலை பார்த்து, அங்கே ஓர் ஆளுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் கொடைக்கானலில் ஒரு தெருவையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்துகொண்டு திரும்பியவர். பனி கொட்டும் ஏதோ ஒரு மாநிலத்தில் கிரெக் ஹாலிஸ்டர் என்பவர் செனட் பதவிக்கு நின்றார். அவர் பெயரில் அமெரிக்க மக்களுக்கு மின்னஞ்சல் எழுதிப் பணம் கேட்பது ஜேசனின் தொழில். 'ஹாலிஸ்டர் வெற்றிக் குழு' என்று வாசலில் போர்டு மாட்டியதும் முதல் ஆளாக ஹெப்சிபாவை வேலைக்கு எடுத்தார்.

ஹெப்சிபா அதுவரை ஒரு மிஷன் பிள்ளைகள் இல்லத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள். இல்லத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அங்கிள், ஆண்ட்டிமாருக்கு மாதம் ஒரு கடிதம் போக வேண்டும். அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ஸ்தோத்திரம், அடுத்து பிள்ளையின் படிப்பு, அடுத்து கொடைக்கானல் குளிர், கடைசியில் 'நீங்கள் அனுப்பியதில் வாங்கியது' என்று ஒரு பத்தி. ஒரு கம்பளி, ஒரு ஜோடி ஷூ, மீதிக்கு இருமல் மருந்து. மீதியிலும் மீதி இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பத்தி இல்லாத கடிதத்தில் மேட்ரன் கையெழுத்துப் போடமாட்டார். இல்லத்தை மூடியபோது ஹெப்சிபாவின் கையில் மிஞ்சியது வெள்ளைக்காரர் மனதை இளக்கும் இங்கிலீஷ் ஒன்றுதான்.

ஜேசன் அவளுடைய பழைய கடிதம் ஒன்றை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பியூட்டிஃபுல் சிஸ்டர். ஆனா இதுல டெட்லைன் இல்லையே" என்றார்.

டெட்லைன் என்பது நடுராத்திரி. இந்த நடுராத்திரிக்குள் பணம் வராவிட்டால் ஹாலிஸ்டர் தோற்றுப்போவார், அமெரிக்கா அழிந்துவிடும். மறுநாள் அமெரிக்கா அழியாமல் இருந்தால் அடுத்த நடுராத்திரியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"எந்த ஊரு நடுராத்திரி சார்?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

"எங்கயாவது ஒரு ஊர்ல நடுராத்திரியா இருக்கும்ல சிஸ்டர்."

இன்று கொடுத்தால் ஒவ்வொரு டாலரோடும் ஏழு டாலர் சேர்க்கப்படும் என்று இன்னொரு வாக்கியம் இருந்தது. அந்த ஏழு டாலரைப் போடுகிற புண்ணியவான் யார் என்று கேட்டாள். அது ஆள் இல்லை, ஓர் உணர்வு என்றார் ஜேசன். பணம் கொடுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. யாரும் தொடாமலே அதில் டிக் விழுந்திருக்கும். 'ஹாலிஸ்டர் வெல்லும்வரை மாதாமாதம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வென்றுவிட்டால் மகிழ்ச்சிக்காகவும், தோற்றுவிட்டால் ஆறுதலுக்காகவும் தொடர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது அதன் பொருள். எழுத்து மட்டும் எறும்புக் கால் அளவு.

இந்தியர்களான நாம் இதையெல்லாம் செய்யலாமா என்றும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"நாம அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் குடுக்கக் கூடாது, சட்டம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார் ஜேசன். "கேக்கலாம்."

ஹெப்சிபா ஹாலிஸ்டர் பெயரில் எழுதினாள். அவர் மனைவி பெயரில் எழுதினாள். மூன்றாவது வாரம் அவர் நாயின் பெயரில் எழுதினாள். 'அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நீங்கள் ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டார்' என்று நாய் உருகியது. நாய்க்கு வசூல் அதிகம்.

அந்தச் சந்தோஷத்தில் ஜேசன் ஊழியர்களைக் கூட்டி, வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிப் பேசினார்.

"நம்மகிட்ட ஒளிவுமறைவே கெடையாது. ஒரு அம்மா இருபத்தஞ்சு டாலர் அனுப்புறாங்கன்னு வைங்க. அதுல பத்து, அந்த அம்மா அட்ரஸ நமக்கு வித்தவருக்கு. எட்டு, மெயில் எழுதுற நமக்கு. நாலு, நாம ஒழுங்கா எழுதுறோமான்னு பாக்குற கன்சல்டன்ட்டுக்கு. ரெண்டு, அவரு ஒழுங்காப் பாக்குறாரான்னு பாக்குற கன்சல்டன்ட்டுக்கு."

"மிச்சம் ஒண்ணு இருக்கே சார்?"

"அத வச்சு அந்த அம்மாவுக்கு அடுத்த மெயில் அனுப்புவோம்."

"ஹாலிஸ்டருக்கு?"

ஜேசன் சற்று வருத்தத்தோடு ஹெப்சிபாவைப் பார்த்தார். "அவருக்காகத்தான சிஸ்டர் இவ்வளவும்?"

ஹெப்சிபாவின் கணவன் பென்சனுக்கும் அதே வீட்டில்தான் வேலை, மாடியில். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் ரூம் புக்கிங் பார்த்தவன், இப்போது அமெரிக்க டிவியில் விளம்பர நேரம் புக் செய்தான். மாடி வேறு நிறுவனம். வேட்பாளரின் குழுவுக்கு ஒருவர் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று அங்கே வரம்பு உண்டு. வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாக அவரைப் புகழும் குழுவுக்கு வரம்பே கிடையாது. ஆகவே மாடியில் 'சுதந்திர விடியல் நிதி' நடந்தது. அதன் தலைவி பிரின்ஸி, ஜேசனின் மனைவி.

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல" என்று ஜேசன் பெருமையாகச் சொல்லுவார். "சட்டப்படி."

பேசக் கூடாதே தவிர, ஊரறிய எழுதி ஒட்டலாம். தினமும் காலையில் ஜேசன் வெளி கேட்டில் இருந்த பலகையில் ஒரு தாள் ஒட்டுவார். 'எதிராளி வாங்கியிருக்கும் படகைப் பற்றி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மாலைச் செய்திக்கு நடுவே தெரிந்துகொண்டால் நல்லது என்று ஹாலிஸ்டர் நினைக்கிறார்.' ரோட்டில் போகிற எவரும் படிக்கலாம். கேரட் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர்கள் நிறுத்திப் படித்தார்கள். பிரின்ஸியும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து, தற்செயலாகப் படித்து, போனில் படம் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போவார். மாலைச் செய்திக்கு நடுவே அமெரிக்காவில் படகு ஓடும்.

மாடிக் குளியலறையிலிருந்து கீழே ஒழுக ஆரம்பித்தபோதுகூட யாரும் மேலே போய்ச் சொல்லவில்லை. 'தலையில் தண்ணீர் சொட்டுவதை ஹாலிஸ்டர் விரும்பமாட்டார்' என்று கேட்டில் தாள் ஒட்டப்பட்டது. செல்லப்பாண்டி அதைப் படித்துவிட்டுப் பிளம்பரோடு வந்தார். "புருசன் பொண்டாட்டி பேசிக்கிட மாட்டாங்களாம், வீட்டுக்காரன் பேப்பர் படிச்சுத் தெரிஞ்சுக்கிடணுமாம். எங்க ஊர்ல இதுக்குப் பஞ்சாயத்துத்தான் வைப்போம்" என்று பைப்பை முறைத்தார்.

மாடியும் கீழும் பேசிக்கொள்ளக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் பென்சனும் ஹெப்சிபாவும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். செண்பகனூரிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வந்து கேட்டில் பிரிவார்கள். வீட்டில் பாலைப் பற்றிப் பேசலாம், ஆபீஸ் டீயைப் பற்றிப் பேசக் கூடாது. பென்சன் பயந்த சுபாவம். அவள் "இன்னைக்கு ஆபீஸ்ல" என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வான்.

ஹெப்சிபாவுக்கோ யாரிடமாவது டோரத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

டோரத்தி ஹாலிஸ்டரின் மாநிலத்தில் தனியாக இருக்கும் வயதான பெண்மணி. லட்சக்கணக்கானவர்களுக்குப் போகும் மின்னஞ்சலைத் தனக்கு வந்த கடிதம் என்று நம்பி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியவர். நாய்க்கும் பதில் எழுதினார். 'அப்பாவைச் சாப்பிடச் சொல், இருபத்தைந்து அனுப்பியிருக்கிறேன்' என்றிருந்தது. அக்டோபரில் வந்த பதிலில் வேறொரு விஷயம் இருந்தது. வீட்டு ஹீட்டர் பழுதாகிவிட்டதாம். மெக்கானிக் நானூற்று எண்பது டாலர் கேட்கிறாராம். சிறுகச் சிறுகச் சேர்த்து வருகிறாராம். ஆனால் ஒவ்வொரு நடுராத்திரியும் அமெரிக்கா அழியப்போவதால் அதிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறதாம். 'பரவாயில்லை, இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு படுக்கிறேன். பனி இன்னும் ஆரம்பிக்கவில்லை' என்று முடித்திருந்தார்.

ஹெப்சிபா அதை இரண்டு முறை படித்தாள். குளிர் என்றால் என்னவென்று கொடைக்கானல்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் கிழவி குளிரில் விறைத்துக் கிடந்தால் அது தான் எழுதிய நாயால்தான் என்று தோன்றியது. பனி விழுவதற்குள் அந்த ஹீட்டர் ஓட வேண்டும். அவளுக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

ஜேசனிடம் போனாள்.

"சார், இந்த அம்மா பேர லிஸ்ட்லருந்து எடுத்துருங்க. அனுப்புன காசயும் திருப்பிக் குடுத்துருவோம். பாவங்க சார்."

"திருப்பிக் குடுக்கச் சட்டம் எடம் குடுக்குது சிஸ்டர், சாஃப்ட்வேர்தான் எடம் குடுக்கல. பேர எடுக்குறதும் கஷ்டம். போன வாரமே அந்த லிஸ்ட வேற பதினாலு கேண்டிடேட்டுக்கு வித்தாச்சு. நாம எடுத்தா அவங்களுக்குப் பண்ற துரோகம்."

"அவங்களுக்குக் குளிருமே சார்."

"குளிர்ற நேரத்துலயும் குடுக்காங்க பாருங்க, அதான் ஜனநாயகம்" என்றார் ஜேசன். உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார்.

ஹெப்சிபா தன் மேசைக்கு வந்து, பழைய வழக்கப்படி ஒரு கடிதம் எழுதினாள். முதலில் ஸ்தோத்திரம். அடுத்து கொடைக்கானல் குளிர் என்று எழுதிவிட்டு, அழித்து, பொதுவாகக் குளிர் என்று எழுதினாள். கடைசியில், 'நீங்கள் அனுப்பியதில் வாங்கியது'. பத்து டாலருக்கு உங்கள் முகவரியை வாங்கினோம். எட்டு டாலருக்கு நாய் எழுதியது. ஆறு டாலரை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கொடுத்தோம். மீதி ஒரு டாலரில் இந்தக் கடிதம் வருகிறது. அன்புள்ள டோரத்தி ஆண்ட்டி, தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள், ஹீட்டரைச் சரிசெய்யுங்கள்.

அனுப்பப் பார்த்தால் கம்ப்யூட்டர் மறுத்தது. 'பணம் தருக' என்ற சிவப்புப் பொத்தான் இல்லாத எந்தக் கடிதமும் அந்த ஆபீஸிலிருந்து வெளியே போகாது. பிரார்த்தித்துக்கொண்டே, 'இனி அனுப்பாதீர்கள்' என்பதற்குக் கீழே பொத்தானை வைத்து அனுப்பினாள்.

டோரத்தி பொத்தானை அழுத்தினார். இந்த முறை ஐம்பது. 'அறுபது வருடமாக ஓட்டுப் போடுகிறேன், என்னிடம் உண்மையைச் சொன்ன முதல் அரசியல்வாதி நீங்கள்தான்' என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சர்ச்சில் எல்லோருக்கும் அனுப்பினாராம். சர்ச்சில் எல்லோரும் பொத்தானை அழுத்தியிருந்தார்கள்.

ஜேசன் கூப்பிட்டு அனுப்பியபோது, சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக் கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டே போனாள் ஹெப்சிபா. அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"உண்மை! ஏன் சிஸ்டர் நமக்கு இது தோணவே இல்ல? இத்தன நாளா பயம், அழுக, நாய் எல்லாம் டெஸ்ட் பண்ணுனோம். உண்மைய மட்டும் யாரும் டெஸ்ட் பண்ணல. நாய விட நாலு பர்சன்ட் கூட!"

மறுநாள் பன்னிரண்டு லட்சம் பேருக்கு உண்மைக் கடிதம் போனது. உண்மை சற்று நீளமாக இருப்பதாகக் கருதி, ஜேசன் அதைச் சுருக்கியிருந்தார். செலவுப் பத்தியை எடுத்துவிட்டு, 'நான் உங்களிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன்' என்ற வரியை மட்டும் மூன்று இடத்தில் போட்டிருந்தார். ஹெப்சிபாவுக்கு 'உண்மைப் பிரிவுத் தலைவர்' என்று புதுப் பதவி கிடைத்தது.

அன்று மாலை தேவாலய மணிச் சத்தத்தோடு மழையும் இறங்கியது. ஸ்கூட்டரில் பென்சன் முதுகில் சாய்ந்துகொண்டு அவள் விசும்பினாள்.

"என்ன ஹெப்சி? தலவலியா?"

"சொல்லக் கூடாதுல்ல."

பென்சன் வண்டியை மெதுவாக்கினான். பிறகு ரோட்டைப் பார்த்தபடி, "சொல்லத்தான் கூடாது. கேட்டுல என்ன ஒட்டிக் கெடந்தாலும் நான் படிப்பேன், அது என் டியூட்டி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசிய வார்த்தைகளில் அதுதான் தைரியமானது.

காலையில் வெள்ளனே வந்து, ஜேசனுக்கு முந்தி அவள் தாளை ஒட்டினாள். 'டோரத்தி வீட்டு ஹீட்டர் பனிக்கு முன்பே சரியானால் நல்லது என்று ஹாலிஸ்டர் நினைக்கிறார்.' கீழே முகவரியும் எழுதினாள்.

மாடியில் வேறு வகைக் கஷ்டம். அமெரிக்கப் பன்றித் தீவன ஆலை முதலாளி ஒருவர் கொட்டிக் கொடுத்த பணம் தீரவே மாட்டேன் என்றது. செலவழித்ததில் நூற்றுக்குப் பதினைந்து பிரின்ஸிக்குக் கமிஷன். செலவழிக்காததில் ஒன்றும் கிடையாது. டிவியில் நேரம் முழுவதும் விற்றுத் தீர்ந்துவிட்டது. நடுநிசியில் மீன்பிடி நிகழ்ச்சிக்கு நடுவில்கூட ஹாலிஸ்டர்தான் வந்தார். பென்சன் கேட்டில் இருந்த தாளைக் கிழித்துக் கொண்டுபோய்த் தன் மேசையில் வைத்து, 'வாக்காளர் வீட்டில் நிலையான விளம்பரம்' என்ற தலைப்பில் ஹீட்டர் ரிப்பேர்ச் செலவை எழுதினான். பிரின்ஸி பதினைந்து சதவீதத்தைப் பார்த்துவிட்டு ஒப்புதல் போட்டார். 'நிலையான' என்றிருந்ததால் ஹீட்டரின் மேல் ஹாலிஸ்டர் சிரிக்கும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இதை யாரோ செல்லப்பாண்டியிடம் சொல்லிவிட்டார்கள். "அப்பிடிச் சொல்லு! ஓட்டு வீட்டுக்குச் சாமான் போயிருச்சுல்ல? இப்பத்தான்லே அது தேர்தலு" என்று சமாதானமடைந்து, அந்த மாதம்தான் முதன்முறையாக ஜேசனுக்கு வணக்கம் சொன்னார்.

டோரத்தியின் பதில் ஞாயிறு கழித்து வந்தது. அதோடு வந்த தொகையைத் திரையில் பார்த்துவிட்டு, ஜேசன் எல்லோரையும் கூட்டி, உண்மைப் பிரிவுத் தலைவரையே உரக்க வாசிக்கச் சொன்னார். மாடிக்காரர்கள் தற்செயலாகப் படிக்கட்டில் நின்றிருந்தார்கள்.

ஹெப்சிபா வாசித்தாள். 'அன்புள்ள கிரெக், நேற்று முதல் பனி விழுந்தது. என் வீடு அடுப்படி மாதிரி இருக்கிறது. ஒரு கோட்டுகூடப் போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மெக்கானிக் காசு வாங்கமாட்டேன் என்றார், நீங்கள் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இந்த உலகத்தில் என்னை நினைத்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்று அழுதேன்.' படிக்கட்டில் பென்சன் தலை நிமிர்ந்து நின்றான். 'ஹீட்டருக்கென்று இதுவரை சேர்த்தது முந்நூற்று அறுபது இருக்கிறது. இனி அது எனக்கு எதற்கு? முழுவதையும் உங்களுக்கே அனுப்பிவிட்டேன். மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் கட்டமும் இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.'

கைதட்டல் ஓய நேரமானது. ஜேசன் கண் கலங்கியிருந்தார்.

"செலவு யாரோ மகராசன் செஞ்சது. வரவு நமக்கு. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கிடல. சுத்தமான தேர்தலுன்னா இதான்!"

ஹெப்சிபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையிலிருந்த தாளை மேசையில் அறைந்தாள்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க சார். ஆள விட்டு அந்த ஹீட்டர மறுபடியும் கெடுத்து விடுங்க. அவங்க திரும்பக் காசு சேக்கட்டும். நாம திரும்பச் சரிபண்ணிக் குடுப்போம். திரும்ப அனுப்பிருவாங்கல்ல?"

பென்சன் ஒரு படி கீழே இறங்கினான். ஜேசன் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"ஒரு வீட்ட வச்சு முடிவு பண்ண முடியாது சிஸ்டர். ஐநூறு வீட்ல டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்" என்றார். "மொதல்ல எந்த ஊர்ல ரொம்பக் குளிருதுன்னு பாருங்க."